கொடியேற்றத்துக்கு முன் பிடுங்கிய பல்

இடது பக்கம், கீழ்வரிசையில், கடைசிப் பல். நாற்பத்து மூன்று வயதுவரை அப்படி ஒன்று என் வாயில் இருப்பதே எனக்குத் தெரியாது. மற்ற பற்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் ஈறுக்குள் சாய்ந்து படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் சும்மா கிடந்த சனியன் தவக்காலம் பார்த்துத் தலையைத் தூக்கியது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று கன்னம் வீங்கிப்போய், சிலுவையை முத்தி செய்யக் குனிந்தபோது எனக்கு உதடு குவியவில்லை.

உதடு குவியாதது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் பாம்பனில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு விசைப்படகில் கடலுக்குப் போகிறேன். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் இன்ன போட்டில் போகிறவன் என்று என்னைச் சொல்ல மாட்டார்கள். கொடிக்காரர் வீடு என்றுதான் வழி காட்டுவார்கள்.

அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோயில் திருவிழா பத்து நாள். முதல் நாள் கொடியேற்றம். கோயில் வாசலில் இருந்து கொடிமரம்வரை கொடியைத் தூக்கி வரும்போதும், அது மரத்தில் ஏறும்போதும், செட்டில் மற்ற எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட்டு நிற்க, இரண்டு டிரம்பெட் மட்டும் கொடிப்பாட்டை ஊதும். முன்னால் நின்று ஊதுகிறவர்தான் கொடிக்காரர். பத்தாம் நாள் கொடி இறங்கும்போதும் அவரேதான் ஊத வேண்டும், நடுவில் ஆள் மாற்றக் கூடாது. அத்தோடு முடிவதில்லை. அடுத்த வருடக் கொடி ஏறும்வரை கல்யாணமோ சாவோ எங்கே செட்டு போனாலும் முன்னால் நிற்பது அவர்தான். எந்தப் பாட்டு, எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் கண் காட்டினால்தான். ஒரு கொடியைக் கோட்டை விட்டால் ஒரு வருடம் போச்சு.

பதினெட்டு வருடத்தில் நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு ஊதியிருக்கிறேன். அய்யா இறந்து பதினோராம் நாள், மழிக்காத தாடியோடு நின்று ஊதியிருக்கிறேன். அந்த இடம் எனக்கு எழுதி வைத்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினெட்டு வருடமும் எனக்கு ஓர் அடி பின்னால் இரண்டாவது டிரம்பெட்டாக நின்றவன் என் கூட்டாளி. ஒரே தெரு. சின்ன வயதில் கோயிலில் ஒன்றாகப் புது நன்மை எடுத்தோம். ஒரே போட்டில் போய்வந்தோம். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன், சொந்தபந்தம் எதுவும் கிடையாது. அவனை நான் எந்த அளவுக்கு நம்பினேன் என்றால், பல்லைப் பிடுங்க ராமநாதபுரம் போன அன்று, கூட வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்ற என் மனைவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நீ வந்தா அங்கன உக்காந்து அழுவ. மச்சான் வாரான், போதும்" என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் போட்டுகள் எல்லாம் கரையில் கிடந்தன. கடலுக்குப் போக வேண்டியதில்லை, பல்லைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கொடியேற்றத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன்.

பல் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டி, இதுதான் ஞானப்பல் என்றார். எனக்கு ஞானம் இருப்பதற்குக் கிடைத்த ஒரே ஆதாரத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி கேலி செய்தாள். டிரம்பெட் ஊதுகிறவன் என்று நான் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படி ஊதுவீங்க, காட்டுங்க."

வெறும் உதட்டை அதிரவைத்துக் காட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த கூட்டாளி சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இந்தப் பல்லுக்கு அடியிலதான் கீழுதட்டுக்குப் போற நரம்பு ஓடுது. எடுத்தப்புறம் கொஞ்ச நாள் உதடு மரத்த மாதிரி இருக்கலாம். பெரும்பாலும் சரியாயிரும்."

அந்தப் பெரும்பாலும் என்ற சொல் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதை என் கூட்டாளியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பல் லேசில் வரவில்லை. மூன்று துண்டாக வெட்டி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தேன். "கூட வந்தவங்க யாரு, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். கூட்டாளி உள்ளே போனான். பத்து நிமிடம் இருந்திருப்பான். என் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிய சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் சீட்டோடு வெளியே வந்து, என்னைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கி, கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. பேச முடியவில்லை. ஊதுவது போலக் கையை வாய்க்குக் கொண்டுபோய், எத்தனை நாள் என்று விரலை விரித்துக் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தான்.

"நாப்பத்தஞ்சு நாளு மாப்ள."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னான்.

"நரம்பு நல்லா அடிபட்டிருக்காம். நாப்பத்தஞ்சு நாளைக்கு முந்தி ஊதுனா உதடு செத்துப்போகுமாம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிலயும் ஒண்ணும் செய்ய முடியாதாம்."

ஒரு கையை மேலே மேலே உயர்த்திக் கொடி ஏறுவது போலக் காட்டினேன். அவன் என் தொடையில் கை வைத்தான்.

"நானும் கேட்டேன். உதடா கொடியான்னு அவரையே முடிவு பண்ணச் சொல்லுங்கன்னுட்டாக."

நான் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். வாயோரம் ரத்தமும் எச்சிலுமாக வழிந்தது. அவன் தன் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான். துடைக்கும்போது அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். இன்றுவரை அந்தக் கண்ணீரை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் பாடு குழந்தையின் பாடாகிவிட்டது. துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஊதக் கூடாது. இளநீரைக்கூடக் குழாய் போட்டுக் குடிக்கக் கூடாது, டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். தடை இல்லாத நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஐஸ் கம்பெனியில் ஐஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அங்கே போய் ஒரு கட்டி வாங்கி உடைத்துத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் வைப்பாள். மீன் வாடையோடு அது உருகிக் கழுத்தில் வழியும். ஆறிப்போன கஞ்சி, குழைத்த சோறு, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. இரண்டாம் நாளில் இருந்து கூட்டாளியின் வீட்டில் இருந்து காரமே போடாமல் சுறாப்புட்டு வந்தது. அவனே தூக்குவாளியில் கொண்டுவருவான். நான் தின்னும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பான்.

டாக்டரம்மா சொன்னது போலவே உதடு மரத்துத்தான் போயிருந்தது. கீழுதட்டில் இடது பாதியும் தாடையில் ஒரு ரூபாய் அகலமும் எனக்குச் சொந்தமில்லாத தோல் மாதிரி இருந்தது. டீ குடித்தால் அந்தப் பக்கமாக வழியும், வழிவது எனக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கை தாடையில் ஒட்டியிருக்கும், மனைவி சொன்னால்தான் துடைப்பேன். காலையில் எழுந்ததும் அவளுடைய ஊக்கு ஒன்றை எடுத்துக் கண்ணாடி முன் நின்று உதட்டைக் குத்திப் பார்ப்பேன். குத்தும், உறைக்காது. உதடு செத்துவிட்டதோ என்ற பயத்தை வேறு யாரிடமும் சொல்லவில்லை. கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன்.

"அதான் நாப்பத்தஞ்சு நாளுன்னு சொல்லியிருக்காக. அவசரப்படாத" என்றான்.

பல் எடுத்த பத்தாம் நாள் காலையில் ஊக்கு உறைத்தது. வலித்த சந்தோஷத்தில் இன்னொரு தடவை குத்தி ரத்தமே வந்துவிட்டது. அன்று அவன் வந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போடு என்று நச்சரித்தேன். நம்பரும் சீட்டும் அவனிடம்தான் இருந்தன. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று தெருவுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"உணர்ச்சி வந்தது நல்லதுதானாம். ஆனா அதே நாப்பத்தஞ்சுதானாம்."

நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது எனக்கு? டிரம்பெட்டைக் கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, வாயில் வைக்காமல் விரலை மட்டும் அமுக்கிக் கொடிப்பாட்டை வாசித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினேன். ஊதாமல் கிடந்தால் உதட்டுச் சதை எவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது ஊதுகிறவனுக்குத் தெரியும். கடலுக்குப் போகாத கையில் காய்ப்பு உரிகிற மாதிரிதான் அதுவும்.

பதினாறாம் நாள் செட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். யார் கொடி வாசிப்பது என்று தலைவர் கேட்டார். நான்தான் எழுந்தேன். மச்சான் வாசிக்கட்டும் என்று என் வாயால், அந்த வாயால், நானே சொன்னேன்.

"வேணாம் மாப்ள. வெளியில இருந்து ஆளக் கூட்டுவோம்" என்றான் அவன்.

"வெளியாளு நம்ம கொடிக்கு வாசிக்கணுமா? நீ ஏறு."

இரண்டு தடவை மறுத்தான். மூன்றாம் தடவை தலையை ஆட்டினான். அவனுடைய இடத்துக்கு மண்டபம் ஊரில் இருந்து ஓர் ஆளைப் பேசினார்கள். கூட்டம் முடிந்து வரும்போது நான் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது அந்தக் கையை நினைத்துத்தான் எனக்கு அதிகமாக ஆத்திரம் வருகிறது.

கொடியேற்றம் நடந்தது. நான் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு ஆண்கள் கூட்டத்தில் நின்றேன். அவன் நன்றாக ஊதினான். தடுமாறியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு நன்றாக ஊதினான். பின்னால் நின்றே பதினெட்டு வருடம் என்னைக் கேட்டுக் கேட்டு, நான் இழுக்கிற இடத்தில் எல்லாம் அவனும் இழுத்தான். கொடி உச்சிக்குப் போனதும் கை தட்டினார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் அவனிடம் போய்க் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பல்லைத் திட்டினேன். ஆண்டவரையும் கொஞ்சம் திட்டினேன்.

திருவிழாவின் ஆறாம் நாள் பல் இருந்த இடத்தில் நாக்கில் ஏதோ குத்தியது. கூராக, முள் மாதிரி. மறுநாள் காலையில் கிளம்பினேன். திருவிழா வேலையில் இருந்த கூட்டாளியை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தனியாகவே பஸ் ஏறினேன். அவன் மேல் அவ்வளவு கரிசனம்.

டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டு, எலும்புச் செதில் ஒன்று வெளியே வந்திருக்கிறது, இது சகஜம்தான் என்று சொல்லி இடுக்கியால் ஒரு சொடுக்கில் எடுத்துப்போட்டார். ரத்தம்கூட வரவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கொடியேத்தம் நல்லபடியா ஊதுனீங்களா?"

"இல்லீங்க. நாப்பத்தஞ்சு நாளு ஆகலையே."

"என்ன நாப்பத்தஞ்சு?"

சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"யாரு சொன்னது? பதினைஞ்சு நாள் கழிச்சு மெதுவா ஆரம்பிக்கலாம்னு சொன்னேன். உங்க ஃப்ரெண்டு தேதியெல்லாம் சொல்லி விளக்கமாக் கேட்டாரே. இருபத்திரண்டாம் நாள் கொடி, அன்னிக்கு இவரு ஊதியே ஆகணும், முடியுமான்னு ரெண்டு மூணு தடவ கேட்டாரு. தாராளமா முடியும், ஒரு வாரம் பழகிக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

"நடுவுல போன் போட்டுக் கேட்டானா?"

"இல்லையே."

மறந்திருப்பான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என் கூட்டாளியை ஒரு வேற்றாள் முன்னால் விட்டுக்கொடுக்க அப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

படியில் இறங்கிக்கொண்டே யோசித்தேன். எனக்குப் புரியாத இடம் ஒன்றுதான். உள்ளே போய் இரண்டு மூன்று தடவை எனக்காகக் கேட்டவன் அவன்தான். அந்தக் கேள்வி பொய் இல்லை. அப்படியானால் மேலே அந்த அறைக்கும் பாலத்துக்கும் நடுவில் எங்கேயோ மனம் மாறியிருக்கிறான். அவன் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன வழியிலேயே நடந்தேன். படி, மருந்துக்கடை, பழவண்டி, பஸ் நிறுத்தம். ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்த்தேன். எந்த இடத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டே யோசித்திருக்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அந்த அண்ணனா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த அவர்கள் வீட்டுத் தூக்குவாளியைப் பார்த்தாள்.

"திருவிழா முடியட்டும். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீக" என்றாள்.

நான் டிரம்பெட்டை எடுத்தேன். அதன் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு ஊதினேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சத்தம் வந்தது. உதடு நடுங்கியது, மேல் ஸ்வரம் எட்டவில்லை, ஆனால் நடு ஸ்வரங்கள் நின்றன. வலி இல்லை. நரம்பு சாகவில்லை. பதினாறாம் நாளே இதைச் செய்திருந்தால் கொடி என்னுடையது.

அன்று சாயங்காலம் சப்பரம் கிளம்புவதற்கு முன்னால் அவனைப் பிடித்தேன். பங்கு மண்டபத்துக்குப் பின்னால் தனியாக நின்று டிரம்பெட்டில் சேர்ந்த எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மாவப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

அவன் கை நின்றது. நிமிரவில்லை.

"எத்தன நாளு மச்சான்?"

"பதினஞ்சு."

இல்லை என்று சாதிப்பான், சண்டை போடலாம் என்று வந்திருந்தேன். அப்படி ஒப்புக்கொண்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எங்கன வச்சு முடிவு பண்ண?"

"மருந்துக்கடையில. ஒரு மாத்திரையத் தேடி அந்தாளு உள்ள போனான். வர நேரமாயிருச்சு. நின்னுக்கிட்டே இருந்தேன்." டிரம்பெட்டைத் துடைத்தான். "மகளுக்குத் தங்கச்சிமடத்துல மாப்பிள்ளை பேசியிருக்கம்ல. அவுக கொடிக்கு வாரோம்னு சொல்லியிருந்தாக. அவுக முன்னாடி ஒரு தடவையாச்சும் முன்னால நிக்கணும்னு தோணிருச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

அப்போதுதான் நிமிர்ந்தான்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்திருக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பேன். ஆனால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பையாவது அவன் எனக்குத் தந்திருக்க வேண்டும். செத்துப்போகும் என்று என் உதட்டைச் சொல்லியல்லவா என்னைப் பயமுறுத்தினான். இருபத்தெட்டு நாள் அந்தப் பயத்தோடு நான் படுத்து எழுந்ததைச் சுறாப்புட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்து பார்த்தானே.

"பத்தாம் நாளு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத மாப்ள. அன்னைக்கும் அவுக வாராக" என்றான்.

நான் சப்பரத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திருவிழாவின் பத்தாம் நாள் காலையில் அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மண்டபத்து ஆளுடைய சித்தப்பா இறந்துபோய் அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டானாம். கொடியிறக்கத்துக்கு இரண்டாவது ஆள் இல்லை.

"நீதான் நிக்கணும். வேற யாருக்கும் அந்த இடம் தெரியாது" என்றான்.

அவன் சொன்னது உண்மை. கொடி இறங்கும்போது பாட்டின் கடைசியில் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடிக்க வேண்டும். கொடி தரையில் படாமல் இறங்கி, மடிக்கப்பட்டு, பங்குச்சாமியார் கையில் போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் அறக் கூடாது. ஓர் ஆளின் மூச்சு அவ்வளவு தாங்காது. முன்னால் நிற்பவர் தோளைச் சற்று ஏற்றுவார். பின்னால் நிற்பவர் உடனே அதே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னவர் மூச்சு எடுத்துக்கொண்டு திரும்ப வருவார். கேட்கிறவர்களுக்கு ஓர் ஆள் ஊதுவதாகவே இருக்கும். என் மூச்சு முடிகிற இடம் இந்த ஊருக்கு ஒரு வருடமும் கேட்டதில்லை. சத்தம் அறுந்துபோன கொடிக்காரரை மறுபடி அந்த இடத்தில் நிறுத்துவது எங்கள் செட்டில் வழக்கம் இல்லை.

"உதடு தாங்குமா?" என்று கேட்டான்.

"தாங்கும்" என்றேன். மூன்று நாளாகத் துண்டைத் திணித்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு ஸ்வரம் எனக்குச் சுளுவாக நின்றது.

என் மனைவி போக வேண்டாம் என்றாள். நான் வெள்ளை உடுப்பை இஸ்திரி போடச் சொன்னேன்.

சாயங்காலப் பூசை முடிந்து எல்லாரும் கொடிமரத்தைச் சுற்றி நின்றார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தங்கச்சிமடத்துக்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கூட்டாளியின் மகள் அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நான் முதல் முறையாக அவனுக்கு ஓர் அடி பின்னால் நின்றேன். அவனுடைய பிடரி வியர்த்திருந்தது.

கொடி இறங்கத் தொடங்கியது. பாட்டு முடிந்து நீள ஸ்வரம் வந்தது. கொடி பாதி மரம் இறங்கி, ஆள் உயரத்துக்கு வந்து, நான்கு பேர் கைகளில் விழுந்தது. மடிக்கத் தொடங்கினார்கள். அவன் தோள் ஏறியது.

என் நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. உதடு சொன்னபடி கேட்டுக்கொண்டு மவுத்பீஸில் உட்கார்ந்திருந்தது. நான் அதை உதட்டில் இருந்து எடுத்துவிட்டேன்.

சத்தம் அறுந்தது. ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் கொடித் துணி காற்றில் அடித்துக்கொள்வது எல்லாருக்கும் கேட்டது. மடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அவன் அவசரமாக மூச்சை இழுத்துத் திரும்ப ஊதினான், அது உடைந்து கீச்சென்று வந்தது. எப்படியோ கொடியைச் சாமியார் கையில் சேர்த்தார்கள்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. எல்லார் முகத்திலும் இரக்கம்.

"பாவம், பல்லு எடுத்த வாயி" என்றாள் ஒரு பெண்.

"நாப்பத்தஞ்சு நாளு ஆகலையே. ஆளு கிடைக்கலேன்னு முடியாதவனப் புடிச்சு நிறுத்துவாகளா?" என்று செட்டுத் தலைவர் கூட்டாளியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார். தங்கச்சிமடத்துக்காரர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இருந்து எதுவும் தெரியவில்லை.

கூட்டாளி திரும்பி என்னைப் பார்த்தான். என் உதட்டுக்கு ஒன்றும் இல்லை என்பது அங்கே அவனுக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அதை அவன் சொல்ல வேண்டுமானால் பதினைந்து நாள் என்பதையும் சொல்ல வேண்டும். டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அவன் மகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் கை தானாகப் போய் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா" என்றேன்.

வலி எதுவும் இல்லை. மூன்று நாளாகவே இல்லை.